தகவல் இருக்கிறது, வாதம் இல்லை: 2,000 சொல் கட்டுரையைத் திட்டமிடுவது எப்படி?

தெம்பனிஸ்_மாணவி | திங்கள், இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். பகலில் சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை, மாலையில் தமிழ்ப் பட்டப்படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் நாற்பத்தைந்து வயது மாணவி நான். உயர்நிலைப் பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்ற தைரியத்தில் முதல் ஒப்படைப்பை எழுதிக் கொடுத்தேன். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. ஓரத்தில் ஒரே வரி: ‘தகவல் இருக்கிறது, வாதம் இல்லை.’

இரண்டாம் ஒப்படைப்பின் வினா இது: ‘சிங்கப்பூரின் இந்திய இல்லங்களில் தமிழ்ப் புழக்கம் குறைந்து வருவதற்குப் பள்ளிக்கல்வியே முதன்மைக் காரணம். இக்கூற்றை ஆராய்க.’ 2,000 சொற்கள். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நான் போட்டு வைத்திருக்கும் சட்டகம்: முன்னுரை (ஒரு குறளுடன்), தமிழின் தொன்மை, சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு, இருமொழிக் கொள்கை, புழக்கம் குறைந்த நிலை, தீர்வுகள், முடிவுரை. இதில் எது தவறு என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாலைவகுப்பு_முன்னாள் | செவ்வாய், காலை 7.05

வணக்கம் அக்கா. நானும் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்துத் தேறியவன்தான். முதல் கட்டுரையில் உங்களைவிடக் குறைவாக வாங்கினேன். உங்கள் சட்டகத்தில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன, ஆனால் வினாவுக்கு விடை சொல்லும் தலைப்பு ஒன்றுகூட இல்லை. ‘சிங்கப்பூரில் தமிழ்’ என்று யார் எதைக் கேட்டாலும் இதே ஏழு தலைப்புகளைப் போட்டுவிடலாம். நமக்கு வந்த வினாவுக்கு மட்டுமே பொருந்துகிற சட்டகம் அமையும் வரை எழுதத் தொடங்க வேண்டாம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வினாவை ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லாகச் சுழித்துப் பாருங்கள். ‘இந்திய இல்லங்கள்’ என்கிறார்கள், தமிழ் இல்லங்கள் என்று சொல்லவில்லை. ‘புழக்கம்’ என்றால் பேசத் தெரிவதா, வீட்டில் அதிகம் பேசுவதா? ‘பள்ளிக்கல்வி’ என்பது தமிழ்ப்பாடம் நடத்தப்படும் முறையா, மற்றப் பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதா? இவை இரண்டும் முற்றிலும் வேறான குற்றச்சாட்டுகள். நீங்கள் எதைப் பேசப்போகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘பள்ளிக்கல்வியே’ என்பதில் இருக்கும் ஏகாரத்தைப் பாருங்கள். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பிரிநிலை ஏகாரம்தான் அது. மற்றக் காரணங்களிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனியே நிறுத்துகிறது. அந்த ஒற்றை எழுத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, எந்த அளவுக்கு மறுக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கட்டுரை. தமிழின் தொன்மைக்கு அதில் வேலையே இல்லை.

தரவுப்பூச்சி | செவ்வாய், பிற்பகல் 1.15

எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பில் எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது இடறி விழுவதை நான் இந்த இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியக் குடியிருப்பாளர்களில், வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2000இல் 42.9 விழுக்காடு, 2010இல் 36.7, 2020இல் 29.2. இதை ‘தமிழர்களில் 29 விழுக்காட்டினர்தான் தமிழ் பேசுகிறார்கள்’ என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். இந்தியர் என்ற தொகுதிக்குள் மலையாளிகள், பஞ்சாபியர், இந்தி பேசுவோர் எனப் பலர் அடங்குவர். தமிழர்கள் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மேல். அடுத்து, வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுகிறவர் பாட்டியிடம் தமிழ் பேசுகிறவராகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2010க்கும் 2020க்கும் இடையில் இந்தியர்களிடையே வீட்டில் ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2க்கு ஏறியது, அதாவது 17.6 புள்ளிகள். தமிழ் இறங்கியதோ 7.5 புள்ளிகள் மட்டுமே. அதே பத்தாண்டில் சீனர்களிடையே ஆங்கிலம் 32.6இலிருந்து 47.6க்கும் மலாய்க்காரர்களிடையே 17.0இலிருந்து 39.0க்கும் ஏறியிருக்கிறது. மூன்று இனங்களிலும் ஒரே திசையில் நகரும் ஒன்றுக்குத் தமிழ்ப்பாட நூலைக் குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் வாதம் பாதி வந்துவிடும்.

ஈசூன்_நடையன் | செவ்வாய், இரவு 9.50

மேலே சொன்னவற்றோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் ‘சட்டகம் அமையும் வரை எழுதாதே’ என்பதை நான் ஏற்கமாட்டேன். எனக்கு எழுதினால்தான் என்ன நினைக்கிறேன் என்பதே தெரியவரும். வினாவைப் படித்த அன்றிரவே, எந்த நூலையும் திறக்காமல், அரை மணி நேரம் நிறுத்தாமல் எழுதிவிடுவேன். அதில் தொண்ணூறு விழுக்காடு குப்பை. மீதியில் எங்கோ ஒரு வாக்கியம் எனக்கு உண்மையிலேயே ஏதோ கருத்து இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போவேன். சட்டகத்தை முழு வரைவு முடிந்த பிறகு போடுகிறேன். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். ஒரே வரியில் சொல்ல வராத பத்தி வெட்டுப்படும், ஒரே வரி இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றாகும்.

மாலைவகுப்பு_முன்னாள் | செவ்வாய், இரவு 10.30

நடையன் சொல்வது நேரம் இருப்பவர்களுக்குச் சரி. பத்தொன்பது நாளில் வேலை நாள் போக அக்காவுக்குக் கிடைப்பது இரண்டரை வார இறுதிகள்தான். ஆனால் அந்த அரை மணி நேர எழுத்தை நானும் பரிந்துரைப்பேன், அதைத் திட்டத்தின் முதல் படி என்றே கொள்ளலாம்.

பழைய_கரும்பலகை | புதன், காலை 5.40

அதிகாலை வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குறளில் தொடங்கு, பழமொழியில் முடி, நடுவே மூன்று கருத்து எழுது என்று உங்களைப் போன்றவர்களைப் பழக்கியது எங்களைப் போன்றவர்கள்தாம். தேர்வு மண்டபத்தில் குறுகிய நேரத்தில் மாணவரின் மொழித்திறனை அளப்பதற்கு அந்த வடிவம் போதும். பல்கலைக்கழகம் மொழித்திறன் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு என்று வைத்துக்கொண்டு, நீங்கள் ஒரு கூற்றைச் சான்றுகளைக் கொண்டு நிறுவுகிறீர்களா என்று பார்க்கிறது. ஆகவே உங்கள் பழைய மதிப்பெண்களும் பொய்யல்ல, இந்த ஐம்பத்திரண்டும் பொய்யல்ல.

வாதம் என்பதை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல், ஒரு நூலாசிரியன் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளை ஏழு மதங்களாக வகுத்திருக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் களைதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல் என்று அது போகும். உங்கள் வினாவுக்கு மூன்றாவது நன்றாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. அதாவது, பள்ளிக்கு இதில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டு, அதுவே முதன்மை என்பதை மட்டும் களைவது. அதே நூல் சொல்லும் பத்துக் குற்றங்களை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் கண்டவை இரண்டு. ஒன்று ‘மற்றொன்று விரித்தல்’; உங்கள் சட்டகத்தின் இரண்டாம், மூன்றாம் தலைப்புகள் அதுதான். மற்றொன்று ‘சென்று தேய்ந்து இறுதல்’: ஆற்று வெள்ளம் போலத் தொடங்கி, கடைசிப் பக்கத்தில் கசிவாகி நிற்பது. முதல் வார இறுதி முழுவதையும் முன்னுரைக்கே செலவிட்டவர்களின் கட்டுரை அப்படித்தான் முடியும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

தெம்பனிஸ்_மாணவி | வியாழன், இரவு 11.45

எல்லாருக்கும் நன்றி. பெருவிரைவு ரயிலில் வரும்போது கைப்பேசியில் அந்த அரை மணி நேர எழுத்தை எழுதிப் பார்த்தேன். நடையன் சொன்னது போலவே ஒரு வாக்கியம் மாட்டியது. நான் 1987இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவள். எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி என்றான ஆண்டு அது. அப்போது சேர்ந்த எங்கள் வயதினர் 2020 கணக்கெடுப்பின்போது நாற்பதைத் தொட்டவர்கள், பிள்ளை பெற்று வளர்ப்பவர்கள். ஆகவே என் வாதம்: ‘தமிழ்ப்பாடம் கற்பிக்கப்படும் முறையைவிட, 1987இல் ஆங்கிலம் எல்லாப் பள்ளிகளின் பயிற்றுமொழியானதே தமிழ்ப் புழக்கம் குறைந்ததற்கு முதன்மைக் காரணம், அதன் விளைவு ஒரு தலைமுறை கழித்து வீட்டில் தெரிந்தது.’ இது வாதம்தானா?

பழைய_கரும்பலகை | வெள்ளி, காலை 5.55

வாதம்தான், அம்மா. மறுக்க ஒருவர் எழுந்து நிற்கக்கூடிய கூற்றாக இருக்கிறது, அதுதான் அளவுகோல். இப்போது நானே எழுந்து நிற்கிறேன். சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக இருந்த உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது 1982இல், உங்கள் 1987க்கு ஐந்து ஆண்டு முன்பே. யாரும் அதற்குப் பூட்டுப் போட ஆணையிடவில்லை, பிள்ளைகள் சேரவில்லை. வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது என்று கண்ட பெற்றோர் அதற்கு முன்பிருந்தே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் 1987இன் முடிவு காரணமா, ஏற்கெனவே நடந்து முடிந்ததற்கு இடப்பட்ட முத்திரையா? இந்தத் தடைக்கு விடை சொல்லாத கட்டுரையை நான் திருத்தினால் ஐம்பத்தெட்டுக்கு மேல் போடமாட்டேன்.

தெம்பனிஸ்_மாணவி | வெள்ளி, பிற்பகல் 12.40

ஐயா, உணவங்காடியில் சோற்றைப் பிசைந்தபடி இதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாதமே விழுந்துவிட்டதா?

மாலைவகுப்பு_முன்னாள் | வெள்ளி, இரவு 8.10

விழவில்லை அக்கா, இடம் மாறியிருக்கிறது. படிக்கப் படிக்க வாதம் மாறத்தான் செய்யும். மாறாவிட்டால் படித்ததில் ஏதோ கோளாறு. கரும்பலகை ஐயா வைத்த தடையை எங்காவது ஒளித்து வைக்காமல் கட்டுரையின் நடுப்பகுதியாகவே ஆக்கிவிடுங்கள். நம் உரையாசிரியர்கள் மாணவன் கேட்பது போல் ஒரு தடையை எழுப்பி, அதற்கு விடை சொல்லித்தான் உரையை நகர்த்துவார்கள், அதையே செய்யுங்கள்.

குறிப்பெடுக்கும் முறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் சிக்கலில் மாட்டுவது இங்கேதான். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஆசிரியர் சொன்னதைப் பக்க எண்ணுடன் எழுதுங்கள். அவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியை அந்த நிமிடமே போட்டுவிடுங்கள். வலப்பக்கத்தில் அதைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், எது அவர் சொன்னது எது நாம் சொன்னது என்று நமக்கே தெரியாது. கருத்துத் திருட்டில் பாதி இப்படித் தெரியாமல் நடப்பதுதான். வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது என்றால் நீங்கள் படிக்கவில்லை, படியெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

சனிக்கிழமை முடிந்தால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அந்நூல்களை இரவல் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டியிருப்பதால் கவனம் சிதறாது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் காப்பகத்தில் பார்க்கலாம். அந்தக் காலப் பெற்றோர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அன்றைய நாளிதழைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

பொங்கோல்_தம்பி | சனி, பிற்பகல் 3.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சட்டகம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தந்துவிடுமே?

தரவுப்பூச்சி | சனி, மாலை 4.10

தம்பி, தரும். அக்கா முதலில் போட்டாரே, தொன்மை, வரலாறு, கொள்கை, தீர்வு என்று, ஏறக்குறைய அதைத்தான் தரும். என்னுடன் படித்த ஒருவருக்கு அது ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டியது. இரண்டு மணி நேரம் தேடினார். அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. உங்கள் பாடத்திட்டம் எதை அனுமதிக்கிறது, பயன்படுத்தியதை எப்படி அறிவிக்கச் சொல்கிறது என்பதை முதலில் படியுங்கள். துறைக்குத் துறை விதி வேறு. நான் என் வரைவை அதனிடம் கொடுத்து, ‘இதற்கு என்ன மறுப்பு வரும்’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன். கரும்பலகை ஐயாவைப் போல் ஒருவர் கிடைத்தால் அதுவும் தேவைப்படாது.

தெம்பனிஸ்_மாணவி | ஞாயிறு, இரவு 10.15

முதல் வரைவு முடிந்தது. ஒரு பத்தியை மட்டும் இங்கே வைக்கிறேன், தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

‘சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் அனைத்துப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதல் மொழியாக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. இதனால் தமிழ்ப் புழக்கம் பெரிதும் பாதிக்கப்பட்டதாக அறிஞர்களால் கூறப்படுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி 29.2 விழுக்காட்டினர் மட்டுமே தமிழ் பேசுகின்றனர். எனவே தமிழைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.’

பழைய_கரும்பலகை | திங்கள், காலை 6.00

நான்கு வாக்கியங்கள், நான்கும் நான்கு திசையில் போகின்றன. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதை எடுத்துவிடுங்கள். குறிப்பிடத்தக்கதாக இல்லாவிட்டால் ஏன் குறிப்பிட்டீர்கள்? இதன் உடன்பிறப்பான ‘என்றால் அது மிகையாகாது’ எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் தேடிப் பிடியுங்கள். ‘அறிஞர்களால் கூறப்படுகிறது’: எந்த அறிஞர், எந்த ஆண்டு, எந்தப் பக்கம்? செயப்பாட்டு வினை பேசியவரை மறைக்க நல்ல திரை. ஆய்வுக் கட்டுரையில் அந்தத் திரைக்கு இடமில்லை. மூன்றாவது வாக்கியத்தைப் பற்றித் தரவுப்பூச்சி முன்பே எச்சரித்திருக்கிறார். நான்காவது ஆய்வல்ல, மேடைப்பேச்சு. அந்தக் கடமையில் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் வினா அதைக் கேட்கவில்லை. பத்தியின் முதல் வாக்கியம் உங்கள் கூற்றாக இருக்கட்டும், நடுவில் சான்று, பிறகு அந்தச் சான்று எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை.

தெம்பனிஸ்_மாணவி | புதன், இரவு 11.50

மூன்று இரவுகள் ஒரே பத்தியோடு போராடியதன் பலன்:

‘1987இன் மாற்றம் வீட்டுமொழியை நேரடியாக மாற்றவில்லை, ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு தேர்வைப் பொதுவாக்கியது. தமிழ் வழியில் கற்பித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி, போதிய மாணவர் சேராததால் 1982இலேயே மூடப்பட்டது. வேலைவாய்ப்பைக் கருதி ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோர் பலரும் வீட்டில் தமிழையே தொடர்ந்து பேசியிருக்கலாம். ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் பெற்றோரானபோதுதான் ஆங்கிலம் பள்ளியிலிருந்து வீட்டுக்குள் வந்தது. இந்திய இல்லங்களில் ஆங்கிலம் 2010க்கும் 2020க்கும் இடையில் 17.6 புள்ளிகள் உயர்ந்தது இக்கால வரிசையோடு ஒத்துப்போகிறது; எனினும் அதே உயர்வில் தமிழ் பேசாத இந்தியக் குடும்பங்களின் பங்கும் அடங்கியிருப்பதால், இவ்வெண்ணைக் கொண்டு மட்டும் தமிழின் இழப்பை அளக்க இயலாது.’

தரவுப்பூச்சி | வியாழன், காலை 8.20

‘பேசியிருக்கலாம்’ என்றும் ‘அளக்க இயலாது’ என்றும் எழுதினீர்களே, அந்த இரண்டு சொற்களுக்காகவே உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தரலாம்.

தெம்பனிஸ்_மாணவி | வெள்ளி, இரவு 9.30

இப்போது 2,340 சொற்கள் இருக்கின்றன. 340ஐ எங்கே வெட்டுவது? பிரித்து எழுதிய சொற்களையெல்லாம் சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் மனச்சாட்சி உறுத்துகிறது.

ஈசூன்_நடையன் | வெள்ளி, இரவு 10.05

உறுத்தட்டும். நான் சொன்ன தலைகீழ்ச் சட்டகத்தைப் போடுங்கள்: ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி, அந்த வரிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். வாதம் நகராத பத்தி எதுவோ அதைத் தூக்குங்கள். முதலில் எழுதிய பத்திதான் பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

தெம்பனிஸ்_மாணவி | சனி, காலை 11.00

இருமொழிக் கொள்கையின் வரலாறு என்று எழுதிய பத்திதான். மூன்று வாக்கியங்களை முன்னுரைக்கு மாற்றிவிட்டு மீதியை எடுத்துவிட்டேன். இருநூற்றெழுபது சொல் போயிற்று. எழுபது சொல் மேற்கோளில் குறைந்தது. குறளும் போய்விட்டது, கொஞ்சம் வருத்தம்தான். கடைசி ஐயம்: துணைநூற்பட்டியலில் தமிழ் ஆசிரியர்களின் தலைப்பெழுத்தை என்ன செய்வது? மேற்கோள் மென்பொருள் அதை முதற்பெயர் என்றும், அவர்களுடைய இயற்பெயரைக் குடும்பப்பெயர் என்றும் எடுத்துக்கொள்கிறது.

மாலைவகுப்பு_முன்னாள் | சனி, பிற்பகல் 2.20

நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, முன்னால் நிற்பது தந்தை பெயரின் எழுத்து என்பது மென்பொருளுக்குத் தெரியாது. இயற்பெயரை முதலில் போட்டு, காற்புள்ளி இட்டு, தலைப்பெழுத்தைப் பின்னால் எழுதுங்கள்: சாரங்கபாணி, கோ. என்பது போல. நம் தமிழ் ஆய்வேடுகளிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம் என்பதால் மென்பொருள் செய்வது பொருளில் தவறாக இருந்தாலும் வடிவில் சரியாகவே வந்துவிடும். தலைப்பெழுத்தே இல்லாத ஒற்றைப் பெயரோ புனைபெயரோ வந்தால், ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் பெயருக்கான இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றும் வசதி இருக்கிறது. தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனிப் பட்டியலாகப் போடுவதா, ஒன்றாகவா என்பதை மட்டும் துறையின் வழிகாட்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்_மாணவி | ஞாயிறு, இரவு 10.40

தனித்தனி என்றுதான் கையேட்டில் இருக்கிறது. மாற்றிவிட்டேன். இப்போது 1,994 சொற்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன். வீட்டில் எல்லாரும் தூங்குவதால் இப்போது முடியாது.